தொடாதீர்கள் என்ற பலகை இல்லாத ஓர் அறை: சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலம் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கும், கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலைய இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஓமலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் எட்டாம் வகுப்பில் காற்றழுத்தப் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. வகுப்பு வழக்கம்போல ஜன்னல் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பிவிட்டுப் புத்தகத்துக்கு வந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். "மிஸ், டிவில காட்டுற பிளேன்ல எல்லாம் முன்னாடி ஏறுறாங்க. நம்ம ஊருக்கு வர்றதுல மட்டும் ஏன் டவுன் பஸ் மாதிரி பின்னாடி ஏத்துறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது சரிதான். வேலியோரம் நின்று பார்த்த கண். கமலாபுரத்துக்கு வருவது ஏடிஆர் 72 என்கிற புரொப்பெல்லர் வைத்த சின்னப் பயணிகள் விமானம். அதில் விமானிகளின் அறைக்குப் பின்னால் பெட்டிகள் வைக்கும் இடம் வந்துவிடுகிறது. ஆள் ஏறும் கதவு வால் பக்கம். புரொப்பெல்லரை விட்டுப் பயணிகள் தள்ளி நடக்கவும் அது வசதி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தடுத்துக் கேள்விகள். முதன்முதலில் டிக்கெட் வாங்கி ஏறியது யார்? என்ன விலை? ஜன்னல் ஏன் முட்டை மாதிரி இருக்கிறது? காது ஏன் அடைக்கிறது? மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்விகளுக்காக உங்கள் அருங்காட்சியகத்தில் ஓர் அறை கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பயணிகள் விமானம் எப்படி வளர்ந்தது என்பதைப் பிள்ளைகள் கையால் தூக்கி, வளைத்து, ஒடித்துப் பார்க்கிற அறை. கற்சிற்பங்கள் இருக்கும் இடத்தில் விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பயணிகள் விமானத்துக்கும் நூறு வயது தாண்டிவிட்டது. அதுவும் பழம்பொருள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடுதிரை வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் 42 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, வேறொரு ஊரில் இருக்கும் அறிவியல் கூடம் ஒன்றுக்கு அழைத்துப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். விமானம் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது என்று சொல்லித்தான் பெற்றோரிடம் பணம் வாங்கியிருந்தோம். போய்ப் பார்த்தால் அதன்மேல் 'பழுது' என்று பேனாவால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. தாளை ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகி, ஓரம் சுருண்டிருந்தது. எத்தனை நாள் பழுது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் மூன்று தொடுதிரைகள். இரண்டு எரியவில்லை, மூன்றாவதில் ஆங்கிலம் மட்டும். பிள்ளைகள் வரிசை கட்டி நின்றது மூலையில் தொங்கிய ஒரு நாற்காலிக்கு. உட்கார்ந்துகொண்டு கப்பிக் கயிற்றை இழுத்தால் நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். இரும்புச் சட்டம், கயிறு, நான்கு கப்பி, அவ்வளவுதான். திரும்பும்போது பஸ்ஸில் பேச்செல்லாம் அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் ஒரு போயிங் 747ன் மூக்குப் பகுதியையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். டிசி-7 என்ற பழைய புரொப்பெல்லர் விமானம் ஒன்றின் முன்பாகத்துக்குள் நடந்து போய் வரலாம். நமக்கு அது கட்டுப்படியாகாது, பரவாயில்லை. நமக்கு வெள்ளிப் பட்டறைகளின் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது, மொத்த வியாபார மண்டிகளின் லீ பஜார் இருக்கிறது, ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

முட்டை ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நெருக்கமானது என்பதால். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். கழித்துப் போட்ட செப்புக் கம்பித் துண்டுகளை எடுத்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டிருப்பேன். முதலில் வழவழவென்று வளையும். அப்புறம் விறைக்கும். விரலுக்குச் சூடு தெரியும். பிறகு சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும். "அதுக்கும் அலுத்துப்போகும் பாப்பா" என்பார் அப்பா. கம்பியைத் தீயில் வாட்டி எடுத்தால் மறுபடி இளகிவிடும் என்பது பட்டறையில் எடுபிடிப் பையனுக்கும் தெரியும்.

அப்பா அலுப்பு என்றதைப் பாடப்புத்தகம் உலோகச் சோர்வு என்கிறது. 1952 மே 2ஆம் தேதி லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம் கிளம்பியது. ஜெட் விமானத்தில் டிக்கெட் வாங்கிப் பயணிகள் போனது அதுதான் முதல்முறை. இரண்டே வருடத்தில், 1954 ஜனவரியில், ஒரு காமெட் இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் உடைந்து விழுந்தது. ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று. காரணம் கண்டுபிடிக்க இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, தண்ணீரால் உள்ளே அழுத்தத்தை ஏற்றினார்கள், இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஒருமுறை ஏற்றி இறக்கினால் ஒரு பயணம் போய்வந்த மாதிரி. ஏற்கெனவே பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 முறை ஆனபோது உடல் கிழிந்தது. கிழிசல் ஒரு ஜன்னல் திறப்பின் மூலையில் ஆரம்பித்திருந்தது.

ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விமானத்தின் உடல் பலூன் மாதிரி ஒரு நூலளவு உப்புகிறது, இறங்கினால் சுருங்குகிறது. நான் கம்பியை மடக்கின மாதிரி. திறப்புக்கு மூலை இருந்தால் இழுவிசை எல்லாம் அங்கே போய்க் குவியும். அதனால்தான் பின்னால் வந்த விமானங்களில் ஜன்னல் உருண்டது.

இதைச் சொல்ல எத்தனை செலவாகும்? ஒரு மேசை, ஒரு சுருள் கம்பி, ஒரு கரும்பலகை. வருகிற பிள்ளை ஒரு துண்டை வாங்கி, எண்ணிக்கொண்டே மடக்கட்டும். எத்தனையில் ஒடிந்தது என்று பலகையில் சாக்பீஸால் எழுதட்டும். சாயங்காலம் பலகையைப் பார்த்தால் ஒருத்தனுக்கு 9, ஒருத்திக்கு 14 என்று இருக்கும். ஒரே கம்பிதான், ஏன் வித்தியாசம் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் இரண்டு தாள், ஒன்றில் கத்தியால் அறுத்த சதுர ஓட்டை, ஒன்றில் வட்ட ஓட்டை. இரு பக்கமும் இழுத்து எது முதலில் கிழிகிறது என்று பார்க்கட்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்க ஓய்வு பெற்ற பட்டறைக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். தினக்கூலி கொடுத்துவிடுங்கள், சும்மா 'தன்னார்வலர்' என்று எழுதி மாலை போட்டு அனுப்ப வேண்டாம். கண் மங்கிய காலத்தில் அவர்களுக்கு மரியாதையான வேலை. வந்தவர்கள் உலோகம் தெரிந்த மனிதரிடம் கேட்ட மாதிரியும் ஆச்சு.

அடுத்தது காது. இதற்கு அறையே தேவையில்லை, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ் போதும். பழைய பஸ் நிலையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் தாண்டி வளைவுகள் ஏற ஏற அது உப்பிக்கொண்டே வரும். ஏரிக்கரையில் இறங்கும்போது தட்டினால் டப்பென்று சத்தம் வரும். காதுக்குள் அடைபட்ட காற்றுக்கும் இதே கதைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போவதற்குள் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இறங்கும்போது தலைகீழ். மேலே குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் அது நசுங்கியிருக்கும். பாட்டிலை வழியில் வீசாமல் வீடுவரை கொண்டுவர வேண்டும் என்பது ஆசிரியையாக என் கட்டளை.

இப்போது இதை விமானத்தோடு சேருங்கள். பெரிய விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி, 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதாவது பயணி உட்கார்ந்திருப்பது ஏற்காட்டு மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குக் கொஞ்சம் மேலே. இப்படி உள்ளே காற்றழுத்தம் கட்டிய உடலோடு முதல் பயணிகள் விமானம் சேவைக்கு வந்தது 1940ல், போயிங் 307. அதற்கு முன் தாழ்வாகத்தான் பறக்க முடிந்தது. தாழப் பறந்தால் மேகத்தின் குலுக்கல், புயலின் ஆட்டம் எல்லாம் பயணியின் வயிற்றுக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காது அடைப்புக்குச் சூயிங்கம் கொடுத்தார்கள். நம் பஸ்ஸில் பாட்டிகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

ஏற்காடு மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை ஏற்கெனவே நிற்கிறது. அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை வைக்க நெடுஞ்சாலைத் துறையிடம் நீங்கள் கேட்டால் நடக்கும், நான் கேட்டால் நடக்காது. இந்த வளைவில் உயரம் இத்தனை, காற்றழுத்தம் இத்தனை, அவ்வளவு எழுதினால் போதும். டிரைவர் படிக்க வேண்டியதில்லை. வாந்தி வராமல் ஜன்னலோரம் இருக்கிறவர்கள் படிப்பார்கள். உச்சியில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும், வானம் சுத்தமாக இருந்தால் மேட்டூர் அணையும். ஆரம்பகால விமானிகளுக்கு இருந்த வரைபடம் இப்படித்தான்: இதோ ரயில் பாதை, அதோ ஏரி, இந்த மலையை வலப்பக்கம் விட்டுப் போ. அங்கே ஒரு கம்பித் தடுப்பில் ஊர்களின் திசையைக் குறித்து, 'ரயில் பாதையை மட்டும் பார்த்து ஓமலூரைக் கண்டுபிடி' என்று எழுதி வைத்தால், செல்ஃபி எடுக்கும் கூட்டம்கூட இரண்டு நிமிடம் நின்று தேடும்.

முதல் டிக்கெட்டுக்கு வருகிறேன். 1914 ஜனவரி 1, அமெரிக்காவின் ஃபுளோரிடா. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஊரிலிருந்து வளைகுடாவைத் தாண்டி டாம்பாவுக்கு ஒரு மிதவை விமானம், பெயர் பெனாய்ஸ்ட். விமானி டோனி ஜானஸ். பக்கத்தில் ஒரே ஒரு பயணிக்குத்தான் இடம். அந்த இடத்தை ஏலம் விட்டார்கள். ஊரின் முன்னாள் மேயர் ஏப்ரம் ஃபீல் 400 டாலருக்கு எடுத்தார். நாள் குறித்து, கட்டணம் வாங்கி, ஒழுங்காகப் பயணிகளை ஏற்றிய முதல் விமானச் சேவை அது. சுமார் 34 கிலோமீட்டர், 23 நிமிடம். நமக்குச் சேலத்திலிருந்து ஏற்காடு போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அப்புறம் வழக்கமான கட்டணம் 5 டாலர். ஆளும் பையும் சேர்ந்து 200 பவுண்டுக்குமேல், அதாவது 90 கிலோ சொச்சத்துக்குமேல் போனால் கூடுதல் காசு. அந்தச் சேவை நான்கே மாதம் ஓடியது.

ஏலமும் எடையும் சேர்ந்த கதை என்றால் அது லீ பஜார் கதைதானே! மண்டியில் கழித்துப் போட்ட பெரிய தராசு ஒன்றை வாங்கி அறையின் நடுவில் வையுங்கள். பிள்ளையையும் புத்தகப் பையையும் சேர்த்து ஏற்றி, நீ பெனாய்ஸ்டில் போகலாமா என்று பார்க்கலாம். இன்னொரு தட்டில் 25 கிலோ கடிதப் பை: 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த சின்ன விமானத்தில் அவ்வளவு அஞ்சல்தான் இருந்தது. பிற்பாடு இடம் இருந்த நாளில் ஒரு பயணியையும் ஏற்றினார்கள். உட்கார இடம் கடிதப் பையின் மேல்தான். பிள்ளைகள் அந்தப் பையின்மேல் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

தராசுக்குப் பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு தண்டு வேண்டும். ஒன்று எஃகு, நம் இரும்பாலை ஊரின் பெருமைக்கு. மற்றது அலுமினியம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 1930களில் விமானம் மரத்தையும் துணியையும் விட்டு அலுமினியக் கலவைக்கு மாறியதை விளக்க இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். கூடவே ஒரு பாக்சைட் கட்டி வையுங்கள். சேர்வராயன் மலையிலிருந்து வெட்டிய பாக்சைட்தான் மேட்டூரில் அலுமினியமாயிற்று என்பதை எங்கள் பள்ளியில் பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. அந்த அலுமினியம் விமானத்துக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாது அதே தாது. மலையின் உச்சியைச் சுரண்டி எடுத்தது அது என்பதையும் அந்தக் கட்டியின் கீழே எழுதத்தான் வேண்டும்.

எடை என்றதும் இன்னொன்று. 1930ல் அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்ற செவிலியர் முதல் விமானப் பணிப்பெண் ஆனார். அந்த வேலைக்கு வருகிறவள் கல்யாணமாகாதவளாக, 25 வயதுக்குள், 115 பவுண்டுக்குள், அதாவது 52 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் ஆசிரியர் அறையில் தராசு வைத்தால் ஒருத்தியும் தேறமாட்டோம். இங்கே ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பத்தோடு பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981ல்தான் அடித்துப் போட்டது. தராசின் முள் 52ல் ஒரு சிவப்புக் கோடு போட்டு, இந்த விதியைப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் மாணவிகள் பாக்கியைப் பேசிக்கொள்வார்கள்.

அப்புறம் தரையில் ஒரு பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் வீட்டில் ஆடிய அதே ஆட்டம், நடந்து ஆடுகிற அளவில், தாயக்கட்டை உருட்டி. முதல் கட்டம் லண்டன், கடைசிக் கட்டம் மெட்ராஸ். 1929ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த விமானச் சேவையில் பயணிக்கு ஏழு நாள் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம், அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்கு ரயில், பிறகு கடலில் இறங்கும் படகு விமானம், எகிப்திலிருந்து மறுபடி வேறு விமானம். பாலைவனத்தில் வழி தெரிய மண்ணில் கலப்பையால் கோடு கிழித்து வைத்திருந்தார்கள் என்றால் நம்புவார்களா? நம்பட்டும், உண்மை. கராச்சியிலிருந்து டாடாவின் அஞ்சல் விமானம், அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேரும், பம்பாயில் விமானி மாறுவார், டாடாவின் கூட்டாளி விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸ் கொண்டுவருவார். மணற்புயல், இன்ஜின் கோளாறு எல்லாம் பாம்பு. 1948 ஜூன் 8ல் ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது ஒரு நீள ஏணி. எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் இதை வரைந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், பெயின்ட் செலவு மட்டும் உங்களுடையது.

கடைசியாக ஒரு சுவர். இது விமான நிலைய இயக்குநருக்கு. கமலாபுரம் நிலையம் 1993ல் கட்டியது. பிறகு பெரும்பாலான வருடங்கள் ஓடுபாதை இருந்தது, விமானம் இல்லை. 2018 மார்ச்சில் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது, 2021ல் நின்றது, 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் வந்தன. இந்த வரலாறு யாரிடம் இருக்கிறது? சவூதிக்கும் துபாய்க்கும் போன ஓமலூர் ஆட்களிடம் பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கும் விமானச் சீட்டில் இருக்கிறது, 2008 ஜூனோடு உலகம் முழுக்க நின்றுபோன காகித டிக்கெட்டின் கார்பன் நகலில் இருக்கிறது. நிலையத்தில் ஒரு பெட்டி வைத்தால் ஜனங்கள் கொண்டுவந்து போடுவார்கள். அதே சுவரில், விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது மறுத்துப் போராடிய சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி விவசாயிகளின் குரலும் இருக்க வேண்டும். எனக்கு விமானம் பிடிக்கும். என் வகுப்பில் கால்வாசிப் பேரின் வீடு அந்த நிலத்தில்தான் சாப்பிடுகிறது. இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். விவசாயிகளின் குரல் இல்லாமல் வைத்தால் அந்தப் பிள்ளைகள் சுவரை நம்பமாட்டார்கள்.

அனுமதி, கோப்பு, நிதி எல்லாம் நேரமாகும், சரி. அதற்காகக் காத்திருக்காமல் கம்பி மேசையை மட்டும் ஒருநாள் வைத்துப் பார்க்கலாமா? அப்பா விட்டுப்போன செப்புக் கம்பிச் சுருள் ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது. வெள்ளியும் இரண்டாம் சனியும் உங்களுக்கு விடுமுறை என்பதால் மூன்றாவது சனிக்கிழமை பத்து மணிக்கு அதைக் கொண்டுவருகிறேன். பின்கதவைப் பற்றிக் கேட்டவளும் வருவாள். சாக்பீஸ் நாங்களே எடுத்துவருகிறோம், ஒரு மேசை மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓமலூர் பக்கத்து அறிவியல் ஆசிரியை ஒருத்தி